ஒரே தாளில் ஓவியமும் கையெழுத்தும்: எப்போது வரைவது, எப்போது நீட்டுவது?

என் முதல் நாடக ஸ்கெட்ச்புக்கின் மூன்றாம் பக்கத்தில் ஓர் அரசிக்கு இரண்டு மூக்கு. முதல் மூக்கு அவர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது போட்டது. அதை முடிப்பதற்குள் அவர் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வலப்பக்கம் நடந்துவிட்டார். பக்கம் புரட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, இருட்டில், அதே பக்கத்தில் அடுத்த மூக்கைப் போட்டுவிட்டேன். நாடகம் முடிந்து அரங்கின் பின்வாசலில் நின்றபோது இதை நீட்டுவதா, பைக்குள் வைத்துக்கொள்வதா என்று கை இழுத்தது. நீட்டினேன். அவர் தாளை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார், சிரித்தார், இரண்டு மூக்குக்கும் நடுவில் சரியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒழுங்காக, உட்கார்ந்து, அழித்து அழித்து வரைந்த முகங்கள் எத்தனையோ சேர்ந்துவிட்டன. அவற்றிலும் கையெழுத்து இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது என்னவோ இரட்டை மூக்கைத்தான்.

நாடக நடிகரை வரைய வேண்டும், அந்தப் படத்திலேயே அவர் கையெழுத்தும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தப் பென்சில் என்று. அது பிறகு. முதலில் முடிவுசெய்ய வேண்டியது எப்போது வரைவது என்பதுதான். நாடகம் நடக்கும்போதே வரைந்து அன்றிரவே கையெழுத்து வாங்கலாம். புகைப்படத்தைப் பார்த்து முன்கூட்டியே வரைந்து எடுத்துப் போகலாம். அனுமதி கிடைத்தால் ஒத்திகையில் உட்காரலாம். பார்த்துவிட்டு வந்து வீட்டில் வரைந்து, இன்னொரு நாள் நேரிலோ தபாலிலோ வாங்கலாம். நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். நான்குக்கும் ஒரே மரியாதை கொடுக்க எனக்கு மனசில்லை.

புகைப்பட வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். நல்ல வெளிச்சம், நல்ல மேசை, நல்ல தாள். முகச்சாயல் தப்பாது. பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொந்தரவில்லை. வரையத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவருக்கு, நீட்டும்போது கை நடுங்காத ஒரே வழி இதுதான். நானும் இரண்டு வருடம் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அதை விட்டது ஒரு மழை நாளில். ஒரு பெரிய நடிகர் கிழவன் வேடத்தில் நடிக்கும் நாடகம். விளம்பரப் படத்தைப் பார்த்து மூன்று மாலை உட்கார்ந்து அவர் முகத்தை வரைந்திருந்தேன். அரங்கில் போய் உட்கார்ந்தால் நிகழ்ச்சிக் கையேட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு: இன்று அவருக்குப் பதில் மாற்று நடிகர். மேலும் ஒரு வேடிக்கை, விளம்பரப் படத்தில் இருந்த தாடியே நாடகத்தில் இல்லை. விளம்பரப் படங்களைப் பல சமயம் உடையும் ஒப்பனையும் முடிவாவதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். அந்த மாற்று நடிகர் அன்று மேடையில் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்வதற்கே அவருக்கு நான்கு கட்டம்: கையை ஊன்றுவது, முழங்காலை மடிப்பது, பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவது, பிறகு தொப்பென்று விழுவது. முடிந்ததும் பின்வாசலில் வெளியே வந்தவர் என் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். "அவர் இன்னைக்கு லீவு தம்பி" என்றார், கோபமில்லாமல். அவருக்கென்று என்னிடம் ஒரு கோடுகூட இல்லை. அந்தத் துண்டுச் சீட்டை நீட்டி அதில் கையெழுத்து வாங்கினேன். என் மூன்று மாலை வேலை பைக்குள்ளேயே இருந்தது.

ஆள் மாறாத நாளிலும் இந்த வழியில் ஒரு குறை உண்டு. நடிகர் அந்தப் புகைப்படத்தை ஆயிரம் தடவை பார்த்தவர். நீங்கள் நீட்டுவது அவருக்குத் தெரிந்த படத்தின் பென்சில் நகல். "நல்லாருக்கு" என்பார், போடுவார், அடுத்தவரிடம் போவார். படத்தின் கோணமும் வெளிச்சமும் புகைப்படக்காரரின் வேலை என்பதும் நினைவிருக்கட்டும். சொந்தச் சேகரிப்புக்கு வைத்துக்கொள்வது வேறு, விற்கத் தொடங்கினால் உரிமைப் பிரச்சினை வந்து நிற்கும்.

ஒத்திகை வழி கேட்பதற்கு நன்றாக இருக்கும், கிடைப்பது அபூர்வம். முழு உடையும் விளக்கும் போட்டு நடக்கும் கடைசி ஒத்திகைகளில் ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்தித் திரும்ப நடத்துவார்கள். வரைகிறவருக்கு அதைவிட வரம் இல்லை. விட்டுப்போன கை இரண்டாம் தடவை அதே இடத்துக்கு வரும். இடம் மாறி உட்காரலாம், பார்வையாளர் பகுதியில் ஓரளவு வெளிச்சமும் இருக்கும். சின்னக் குழுக்களிடம் முன்கூட்டியே எழுதி, வரைந்ததன் நகல்களைத் தருகிறேன் என்று சொன்னால் சிலர் சம்மதிப்பார்கள். ஆனால் அங்கே கையெழுத்துக் கேட்காதீர்கள். அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் நடிகரின் தலைக்குள் வசனமும் பயமும் மட்டும்தான் இருக்கும். வரைந்ததை அரங்கேற்றத்துக்கு முன் வெளியிடவும் கூடாது. உடையும் அரங்க அமைப்பும் அவர்கள் பொத்திவைத்திருக்கும் ரகசியம். படம் இன்று, கையெழுத்து இன்னொரு நாள் என்று பிரித்துக்கொண்டால் சரி.

இனி இருட்டு. எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முன்வரிசை டிக்கெட் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். அங்கிருந்து தெரிவது தாடையும் மூக்குத் துளையும். மேடை விளிம்பு பாதங்களை மறைத்துவிடும். பாதம் தெரியாவிட்டால் நடிகர் எடையை எந்தக் காலில் போட்டிருக்கிறார் என்பது தெரியாது, உருவம் தாளில் மிதக்கும். பால்கனியில் உச்சந்தலை. நடுவுக்குச் சற்று முன்னால், நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கை, அதுவும் வரைகிற கை நடைபாதைப் பக்கம் இருக்கும்படி கிடைத்தால், முழங்கை யாரையும் இடிக்காது.

மேடை வெளிச்சமே தாளுக்கும் வெளிச்சம். பகல் காட்சி வந்தால் கோடு தெரியும், இரவுக் காட்சி வந்தால் தெரியாது. போன் விளக்கு, டேப்லெட், பென்சிலில் மாட்டும் குட்டி விளக்கு எதுவும் கூடாது. உங்களைச் சுற்றி முப்பது பேருடைய இருட்டை நீங்கள் கெடுக்கிறீர்கள். பளீர் வெள்ளைத் தாள்கூட வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பக்கத்தில் இருப்பவர் கண் அடிக்கடி அதற்கே போகும். சாம்பல் அல்லது பழுப்பு நிறத் தாள் நல்லது. பென்சில் 4பி-க்குக் குறையாமல்; பி-க்கு முன்னால் எண் கூடக் கூடப் பென்சில் மென்மையாகும். கெட்டிப் பென்சில் தாளில் கீறும் சத்தம் உங்களுக்குக் கேட்காது, பின்வரிசைக்குக் கேட்கும். கம்பிச் சுருள் புத்தகம் புரட்டும்போது கிரீச்சிடும். தைத்த புத்தகம் வாங்குங்கள். அழிப்பானை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முக்கியமான ஒன்று, இரட்டை மூக்குக்குப் பிறகு நான் கற்றது: இடது கைப் பெருவிரலைத் தலை வர வேண்டிய இடத்தில் ஊன்றி வைத்துக்கொள்வது. கண் மேடையை விட்டு இறங்காது, பென்சில் விரலைத் தொட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும். பக்கம் புரட்டினால் விரலையும் தூக்க வேண்டும். தூக்கவில்லையென்றால் புரட்டவில்லை என்று அர்த்தம்.

படம் எடுக்கக் கூடாது, பதிவுசெய்யக் கூடாது என்று பெரும்பாலான அரங்குகள் எழுதிவைத்திருக்கும். வரைவதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்காது. எழுதவில்லையே என்று நம்பிப் போகாமல் உள்ளே விடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு முறை என்னை இடைவேளையில் மூடி வைக்கச் சொன்னார்கள். மூடி வைத்தேன். இரண்டாம் பாதியை வெறுங்கையோடு பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

எதை வரைவது? முகத்தை அல்ல, முதலில். தலையிலிருந்து குதிகாலுக்கு ஒரே கோடு, உடம்பு சாயும் திசை. ஒரு பாத்திரத்துக்கு நல்ல நடிகர் ஒரு நிற்கும் விதத்தை வைத்திருப்பார், அரைமணிக்கு ஒரு தடவையாவது அதற்குத் திரும்பி வருவார். அதைப் பிடித்துவிட்டால் முகம் இல்லாமலே ஆள் தெரியும். ஜப்பானின் கபுகி நாடகத்தில் 'மியே' என்று ஒன்று உண்டு: உச்சக் கட்டத்தில் நடிகர் ஒரு நிலையில் அப்படியே உறைந்து நிற்பார். வரைகிறவனுக்காகவே செய்ததுபோல் இருக்கும். மற்ற நாடகங்களில் அந்த அளவு கருணை கிடையாது. ஆனாலும் பாட்டு முடியும் நொடி, விளக்கு அணையும் முன் எல்லோரும் அசையாமல் நிற்கும் நொடி, கடைசி வணக்கம் என்று சில நிறுத்தங்கள் உண்டு. அந்த நொடியில் வரையாதீர்கள். பாருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் சுவாரசியமில்லாத காட்சியில் வரையுங்கள். எந்த நாடகத்திலும் அப்படி ஒரு காட்சி இருக்கும்.

இப்படி வரைந்த பக்கத்தை நீட்டும்போது நடப்பது வேறு. நடிகர் குனிந்து பார்ப்பார். "இது அந்தக் கடிதம் படிக்கிற இடமா?" என்று கேட்பார். ஒரு சமயம் ஒருவர் பக்கத்தில் நின்ற சக நடிகரைக் கூப்பிட்டு, "இங்க பாரு, என் தோள் இவ்வளவு தூக்கிக்குது, டைரக்டர் சொன்னது சரிதான்" என்றார். அவர்கள் தங்களை மேடையில் பார்த்ததே இல்லை. அன்று மாலை அவர்கள் எப்படி நின்றார்கள் என்பதற்கு வெளியாள் ஒருவர் கொண்டுவரும் முதல் தகவல் உங்கள் கோடு.

விலை என்ன? பத்துப் பக்கம் வரைந்தால் நீட்டும்படி ஒன்றோ இரண்டோ தேறும்; சில இரவு அதுவும் தேறாது. இரண்டு மணி நேரம் கை உரசி உரசி, வாசலுக்குப் போகும்போது பென்சில் புகைபோலப் பரவியிருக்கும். இதையெல்லாம்விடப் பெரியது, நாடகம் போய்விடும். கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வசனம் காதில் விழாது. ஒரு துன்பியல் நாடகத்தில் நாயகனின் செருப்பை வரைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் நாயகன் செத்துக் கிடக்கிறான். யார் கொன்றார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

நான்காவது வழி, பார்த்து வந்து வீட்டில் வரைவது. இதற்குப் பெரிய வம்சாவளி உண்டு. நியூயார்க்கின் நாடக ஓவியர் ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட் (1903–2003) 1926இல் பிரெஞ்சு நடிகர் சாஷா கிட்ரியை அரங்கில் உட்கார்ந்தபடியே நிகழ்ச்சிக் கையேட்டில் கிறுக்கினார். அதைப் பார்த்த நண்பர் ஒருவர் சுத்தமான தாளில் திரும்ப வரையச் சொல்ல, அது பத்திரிகையில் வந்தது. அவருடைய நாடக ஓவிய வாழ்க்கை அங்கே தொடங்கியது. இருட்டில் தாளைப் பார்க்காமலே குறிப்பெடுக்கப் பழகியவர் அவர். அரங்கில் எடுத்தது குறிப்பு, வீட்டு மேசையில் பிறந்தது படம். 1945இல் மகள் நீனா பிறந்த பிறகு அவள் பெயரைக் கூந்தலிலும் உடை மடிப்பிலும் ஒளித்து வைக்கத் தொடங்கினார். எத்தனை இடத்தில் ஒளித்திருக்கிறது என்பதைப் பின்னாளில் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் எண்ணாகப் போட்டார். படத்துக்குள் கையெழுத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவர்கள் அவர் படங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் படம் நன்றாக வரும், நாடகமும் கைவிட்டுப் போகாது. சிக்கல் கையெழுத்தில். இன்னொரு டிக்கெட், அல்லது இன்னொரு இரவு வாசலில் நிற்பது. நீங்கள் வரைந்து முடிப்பதற்குள் நாடகமே முடிந்து குழு வேறு ஊருக்குப் போயிருக்கலாம். தபால் என்றால் அரங்கின் முகவரிக்கு, நடிகர் பெயரிட்டு, சுயவிலாசமிட்ட தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வைத்து, மடங்காமல் இருக்க அட்டையோடு அனுப்ப வேண்டும். நாடகம் ஓடி முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே அனுப்புங்கள். கடைசிக் காட்சி முடிந்தபின் அரங்குக்கு வரும் கடிதம் யாருக்கும் போய்ச் சேராமல் கிடக்கும். நான் அனுப்பியதில் பாதிதான் திரும்பி வந்தது. வந்ததில் ஒரு படம், ஒன்றரை வருடம் கழித்து, வேறொரு ஊர் முத்திரையோடு வந்தது.

தபாலில் அசலை அனுப்பாதீர்கள் என்பதற்கு நாடக உலகிலேயே சாட்சி இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் அரங்கின் உட்புறம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருப்பது ஸ்வான் அரங்கின் ஒரே ஓர் ஓவியம்தான். 1596 வாக்கில் யோஹான்னஸ் டி விட் என்ற டச்சுக்காரர், ஊர் பார்க்க வந்தவர், மேடையில் மூன்று பேர் நடித்துக்கொண்டிருக்க வரைந்தார். அவர் வரைந்த தாள் இன்றில்லை. அவருடைய நண்பர் ஆரெண்ட் வான் புகெல் பார்த்து எடுத்த நகல் இருக்கிறது. நண்பர் சோம்பலில் விட்டிருந்தால் அதுவும் இல்லை.

இன்னொரு கதை நியூயார்க்கின் சார்டிஸ் உணவகத்தில். ஓவியமும் கையெழுத்தும் ஒரே தாளில் என்ற ஆசைக்குக் கோயில் கட்டினால் அங்கேதான் கட்ட வேண்டும். அலெக்ஸ் கார்ட் என்ற ரஷ்ய அகதி 1927 முதல் அங்கே சாப்பிட வரும் நாடகக்காரர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தார்; கூலி, சாப்பாடு. படத்தைப் பற்றி முதலாளி குறை சொல்லக் கூடாது, சாப்பாட்டைப் பற்றி ஓவியர் குறை சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம் என்பார்கள். 1948இல் இறக்கும்வரை எழுநூறுக்கு மேல் வரைந்தார். வரையப்பட்டவர் தன் படத்தில் கையெழுத்திட, அது சுவரில் ஏறும். 1986இல் ஜேம்ஸ் காக்னி இறந்த சில மணி நேரத்தில் அவர் படம் சுவரிலிருந்து களவுபோனது. அதற்குப் பிறகு அசலைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலைத்தான் சுவரில் மாட்டுகிறார்கள்.

நானும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். நேரில் நீட்டுவது அசல். தபாலில் போவது நல்ல தாளில் எடுத்த நகல், இரண்டு பிரதி: ஒன்றில் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லி, மற்றது அவருக்கு. வாசலில் சில நடிகர்கள் "இதை நான் வச்சுக்கலாமா?" என்று கேட்பார்கள். அந்த நிமிடம் மனசு இளகிக் கொடுத்துவிடத் தோன்றும். போனில் ஒரு படமாவது எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

எப்படி வரைவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது: உள்ளபடியா, கேலியாகவா, கொஞ்சம் அழகுபடுத்தியா? உள்ளபடி வரைவது ஆபத்தில்லாதது என்று நினைத்தால் ஜப்பானிய ஓவியர் ஷராக்குவை நினைத்துக்கொள்ளுங்கள். 1794இல் எங்கிருந்தோ வந்து, பத்தே மாதத்தில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட அச்சோவியங்கள், பெரும்பாலும் கபுகி நடிகர்கள், வெளியிட்டுவிட்டுக் காணாமல் போனவர். நடிகர்களை அளவுக்கு மீறி உண்மையாக வரையப் போனதால் நீடிக்க முடியவில்லை என்று அவர் காலத்தை ஒட்டிய ஒரு குறிப்பு சொல்கிறது. பெண் வேடமிட்ட ஆணின் தாடையை ஆணின் தாடையாகவே வரைந்தால் யாருக்குப் பிடிக்கும்?

எனக்கு இது ஒரு வயதான நடிகையிடம் நேர்ந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் வேடம். கண்ணுக்குக் கீழே நான் போட்ட நிழல் கொஞ்சம் அதிகம். அரங்க வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் அப்படித்தான் தெரியும். வெளியே வந்தவர் ஒப்பனை கலைத்து, ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, பத்து வயது குறைந்தவராக நின்றார். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நான் இவ்வளவு களைப்பாவா தெரிஞ்சேன்?"

"அது அந்த அம்மா, நீங்க இல்லைங்க" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, அவ இவ்வளவு களைப்பாத்தான் இருந்தா" என்று சொல்லிவிட்டு, தன் பெயரைப் போடாமல், பாத்திரத்தின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். கீழே அவர் பெயரின் முதலெழுத்து மட்டும், பொடிசாக.

அதிலிருந்து நான் எல்லோரிடமும் கேட்கிறேன்: பாத்திரத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்துப் போட முடியுமா? பலர் சந்தோஷமாகப் போடுகிறார்கள். கபுகிக்காரர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே. காட்சி முடிந்ததும் முகத்தின் 'குமதோரி' வண்ணக்கோடுகள் மேல் துணியை அழுத்தி எடுப்பார்கள். வேடத்தின் முகமே துணியில் பதிந்து வரும். 'ஒஷிகுமா' என்று பெயர். அதில் நடிகர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் ஓவியனுக்கு வேலையே இல்லை. பொறாமையோடு சொல்கிறேன்.

பேனா. இதில் கஞ்சத்தனம் செய்து கெட்ட படங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. மென்பென்சில் அடர்த்தியாக இருக்கும் இடத்தின்மேல் ஃபெல்ட் முனைப் பேனா ஓடினால் பென்சில் தூள் முனையை அடைத்துவிடும்; மூன்றாவது எழுத்தில் மை நிற்கும். நடிகர் இன்னொரு தடவை அழுத்துவார், பேனா தாளைக் கிழிக்கும். ஜெல் பேனா உடனே காயாது, அவர் கையே அதை இழுத்துவிட்டுப் போகும். பால்பாயிண்ட் எழுதும், ஆனால் மென்தாளில் பள்ளம் விழும். மணம் வீசும் தடித்த மார்க்கர் பின்பக்கத்துக்கு ஊறி, அங்கே இருக்கும் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும். வெகுநாள் தேடி நான் நிலைத்தது வெளிச்சத்தில் மங்காத பிக்மென்ட் மை நிரப்பிய நடுத்தர முனைப் பேனா, கறுப்பு. இரண்டு எடுத்துப் போகிறேன், ஒன்று கட்டாயம் தொலையும். பளபளப்பான நிகழ்ச்சிக் கையேடு என்றால் மட்டும் மார்க்கர். அந்தத் தாளில் மற்றவை வழுக்கும்.

கையெழுத்துக்கான இடத்தை வரையும்போதே விட்டுவிடுங்கள், வலது கீழ் மூலையில் உள்ளங்கை அகலம். விடாவிட்டால் நடிகர் இடம் தேடுவார், கிடைக்காது, முகத்துக்குக் குறுக்கே போட்டுவிடுவார். தாளுக்கு அடியில் கெட்டி அட்டை இருக்கட்டும். நின்றுகொண்டு, ஒரு கையில் பையோடு எழுதுகிறவருக்குத் தொளதொளத் தாள் தண்டனை. பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுங்கள். உங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பதற்காக வாங்குகிறவர்கள் பெயர் போட்டுக் கேட்கமாட்டார்கள் என்பது நடிகர்களுக்குத் தெரியும், உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

வாசலில் நிற்பதைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. வழியை மறிக்காதீர்கள், ஒரு தாளுக்கு மேல் நீட்டாதீர்கள், தலையை ஆட்டிவிட்டுப் போகிறவரைத் துரத்தாதீர்கள். குழந்தை நடிகர் என்றால் கூட வரும் பெரியவரிடம் கேளுங்கள். கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிற துணை நடிகரும் உண்டு. 2020இன் கொள்ளைநோய்க்குப் பிறகு பின்வாசல் சந்திப்பையே நிறுத்திவைத்த நாடகங்கள் உண்டு. போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. அப்படியான இடத்தில் தபால்தான்.

சரி, எதைத் தேர்வது? என் கணக்கு இது. ஒரே ஒரு காட்சிதான், திரும்பி வர முடியாது என்றால் இருட்டில் வரைந்து அன்றே நீட்டுங்கள், எவ்வளவு மோசமாக வந்திருந்தாலும். முதல் பாதியை மட்டும் வரைந்து இரண்டாம் பாதியைப் பார்த்தால் நாயகன் எப்படிச் செத்தான் என்பதாவது தெரியும். இடைவேளை வெளிச்சத்தில் படத்தைத் திருத்த ஆசை வரும். மூன்று கோட்டுக்கு மேல் தொடாதீர்கள். நான்காவது கோட்டிலிருந்து நீங்கள் ஞாபகத்தை விட்டுவிட்டு அழகை வரையத் தொடங்கிவிடுவீர்கள்.

நாடகம் வாரக்கணக்கில் ஓடுகிறது, இரண்டு டிக்கெட்டுக்கு வழியிருக்கிறது என்றால் பெரும்பாலானவர்கள் செய்வது முதல் நாள் வரைவது, இரண்டாம் நாள் மெருகேற்றிய படத்தில் கையெழுத்து. நான் அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன். முதல் நாள் புத்தகத்தைக் கொண்டுபோவதே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன், எந்த மூன்று நொடிகள் வேண்டும் என்று மட்டும் மனசில் குறித்துக்கொள்கிறேன். இரண்டாம் நாள் அந்த மூன்றுக்காகக் காத்திருந்து, வந்ததும் வரைந்து, அன்றே வாசலில் நீட்டுகிறேன். எப்போது வரும் என்று தெரிந்திருப்பதால் கை பதறுவதில்லை. சாயலும் கிடைக்கிறது, அன்றைய நாளின் கோடும் கிடைக்கிறது.

இரண்டாம் தடவை போக வழியில்லை, குழுவும் ஊரைவிட்டுப் போய்விட்டது என்றால் வீட்டில் வரைந்து நகலைத் தபாலில். ஒத்திகை தானாக வந்தால் விடாதீர்கள், தேடி அலையாதீர்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைவதை நான் வைத்திருப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்துக்கு: மேடையை விட்டு ஓய்வுபெற்றுவிட்டவர், இனி அவரை நடித்துப் பார்க்கவே முடியாது என்றால். வரைய எனக்கு வராது, கையெழுத்து மட்டும் போதும் என்பவர் நிகழ்ச்சிக் கையேட்டில் வாங்கிக்கொள்ளட்டும். நடிகர் பட்டியலில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் வாங்கினால் இருபது வருடம் கழித்து எது யாருடையது என்று முழிக்க வேண்டாம். அன்று துண்டுச் சீட்டில் நான் வாங்கியது என்னிடம் இருக்கும் நல்லவற்றில் ஒன்று.

வாங்கி வந்தபின் ஒரு வேலை. கையெழுத்தின்மேல் படாமல் மறைத்துக்கொண்டு பென்சில் பகுதிக்கு மட்டும், கோடு கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் அடியுங்கள். சில மைகள் அது பட்டால் கலங்கும். முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். புத்தகத்திலேயே இருக்கப் போகிறது என்றால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. இரட்டை மூக்கு அரசியின் 6பி பென்சில் இத்தனை வருடத்தில் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிவிட்டது. கையெழுத்து மட்டும் இடம் பெயரவில்லை. இப்போது புத்தகத்தை விரித்தால் ஒரு பக்கம் கையெழுத்தோடு ஓர் அரசி, மறுபக்கம் மங்கலாக, இடம் வலம் மாறி, கையெழுத்தில்லாமல் இன்னொருத்தி. மொத்தம் நான்கு மூக்கு.